நாற்பது நாள் வாய்ப்பூட்டு

பிப்ரவரி 18, புதன்

காலை ஏழு மணிக்கே வெயில். சாம்பல் புதன் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு நேராக வெங்காய மண்டிக்கு. தவக்காலத்துக்கு எதை விடுவது என்று கோயில் வாசலில் ஆளுக்கொரு பேச்சு. வீட்டுக்காரர் சவரி பீடியை விடுகிறாராம். போன வருடமும் விட்டார், இரண்டாம் வெள்ளி வரைக்கும்.

எனக்குக் கறி மீனை விடுவது பெரிதில்லை. விட வேண்டியது ஒன்றுதான், கேலி. ஈஸ்டர் வரை யாரையும் கேலி செய்வதில்லை, யாரைப் போலவும் நடித்துக் காட்டுவதில்லை. எழுதி வைத்தால்தான் நிற்கும் என்று இந்த டைரி. உரக்கடையில் கொடுத்தது, மகள் எழுதாமல் போட்டு வைத்திருந்தாள். எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்து. வெங்காய வேர் மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

காரணம் பிலோமினா. சவரியின் தங்கை. பதினோரு வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயத் தாள் அறுத்தவள். பொங்கல் கழிந்து ஸ்கூட்டி பழகினாள், மண்டி மைதானத்தில் விழுந்தாள். மறுநாள் அத்தனை பெண்களுக்கும் நடுவில் அதை நான் நடித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. அதற்கடுத்த நாள் கத்தியை எடுத்துக்கொண்டு கடைசிக் குவியலுக்குப் போய்விட்டாள். ஒரு மாதமாகப் பேச்சில்லை. ஸ்கூட்டி அவள் வீட்டுச் சந்தில் சாக்குப் போர்த்தி நிற்கிறது.

அவள் திரும்ப என் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான் வேண்டுதல். நடக்கும்.

பிப்ரவரி 20, வெள்ளி

சிலுவைப்பாதை. முட்டி வலி. இன்று நாக்கு வரை வந்து விழுங்கியவை:
– மண்டிக் கணக்கர் மீசைக்கு மை போட்டது. காலருக்கும்.
– கூட அறுக்கும் பாண்டியம்மாவின் உருளைக்கிழங்கு வெஞ்சனம். கடித்தால் பல் போகும்.
– சாமியார் "சுருக்கமாகச் சொல்கிறேன்" என்றது. மூன்று தடவை.
மூன்றும் நல்ல சரக்கு. வீணாய்ப் போயிற்று.

பிப்ரவரி 25, புதன்

மதியச் சோற்றுக்குப் பிறகு குவியலைச் சுற்றி எல்லாரும் தூங்கி வழிகிறார்கள். அவர்களை முழிக்க வைத்திருந்தது என் வாய்தான் என்று இப்போது தெரிகிறது. பாண்டியம்மா கண் சொக்கி விரலை அறுத்துக்கொண்டாள். துணி சுற்றிக் கட்டினேன். கணக்கர் வந்து எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். சவரி அடித்துவிட்டார் என்று பாண்டியம்மாவுக்குச் சந்தேகம். அவரா, என்னையா? இது விழுங்கிய நாலாவது.

தவக்காலத்தைப் பற்றி அவளுக்கு விளக்கினேன். யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"நாங்க பழனிக்கு மாலை போட்டாக் கறியத்தான்க்கா விடுவோம். சிரிப்பையுமா விடுவாக?"

நான் நல்லவளாக இருந்தால் பத்துப் பேர் வாடிப்போகிறார்கள் என்றால் அது என்ன நல்ல குணம்? யோசிக்க வேண்டும். நாளைக்குப் போர்வை ஊறவைக்க.

மார்ச் 4, புதன்

குளியலறைக்குப் பின்னால் பீடிப் புகை. பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. சவரிக்கு முகம் வெளுத்துவிட்டது. பீடியை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

"நீ பேசாம இருந்தா பயமா இருக்கு லூர்து. ரெண்டு வார்த்தை வஞ்சிரு."

வைது முடித்ததும் நிம்மதியாகச் சாப்பிட்டார். வைவது கேலியில் சேராது. நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

சந்தோஷம் என்பது முக்கால்வாசி பழக்கம்தான் போல. காலையில் எழுந்தால் டீ, பல் தேய்த்தால் சிரிப்பு. இத்தனை வருடம் எனக்கு அது தானாக வந்தது. இப்போது டீ மட்டும் வருகிறது.

மார்ச் 11, புதன்

நானாகப் போய்விட்டேன். கடைசிக் குவியலில் பிலோமி பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று வாரமாக ஒருத்தரையும் கேலி பண்ணவில்லை, தெரியுமா என்றேன். பரிசு வாங்க வந்தவள் மாதிரி. அவள் நிமிரவில்லை.

"நான் விழுந்ததுக்கு நானுந்தான் சிரிச்சேன் மதினி. நீங்க எந்திரிச்சு நடக்கையில காலைத் தாங்கித் தாங்கிக் காட்டுனீக பாருங்க. அது விழுந்ததுல வந்ததில்ல. பொறந்ததுலருந்து அப்படித்தான் நடக்கேன்."

வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு. காலைத் தாங்கினது யோசிக்காமல் வந்துவிட்டது என்று இங்கே எழுதலாம். பொய். அந்த இடத்தில்தான் சிரிப்பு பலமாக வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

மூன்று வாரமாகக் கணக்கர் மீசையையும் சாமியார் பிரசங்கத்தையும் விட்டுக்கொடுத்து, பெரிய தியாகம் என்று நினைத்திருக்கிறேன். அவர்கள் யாரும் அழவில்லையே.

மார்ச் 12, வியாழன்

மேகம். மழை இல்லை. மறுபடியும் கடைசிக் குவியல். "தப்பு என்னுதுதான் பிலோமி" என்றேன். பின்னால் கேலி வால் எதுவும் ஒட்டவில்லை. வால் இல்லாமல் நான் பேசிய முதல் வார்த்தை இதுதான் என்று நினைக்கிறேன். தாளை அறுங்க மதினி, லாரிக்காரன் காத்திருக்கிறான் என்றாள். அறுத்தேன். இரண்டு மூட்டை.

கிளம்பும்போது, ஸ்கூட்டியை எடு, பின்னால் நான் உட்காருகிறேன் என்றேன். உட்கார்ந்தால் விழுந்துவிடுவோம் என்றாள். விழுவோம் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எடை பார்க்கிறாள் என்று தெரிந்தது.

மார்ச் 16, திங்கள்

சாக்கை எடுத்துவிட்டாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு லாரிகள் போனதும் மைதானத்தில் ஐந்து சுற்று. நான் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை. அவளுக்கு அது தைரியம் தரவில்லையாம். கண்ணைத் திறந்துகொண்டேன்.

மார்ச் 23, திங்கள்

எட்டாம் நாள். அவள் கை தானாக பிரேக்கைப் பிடிக்கிறது, யோசிப்பதில்லை. என் வாயும் அப்படித்தான். ஒரு வார்த்தை வந்தால் ஒரு நொடி நிற்கிறது, யார் மேல் விழும் என்று பார்க்கிறது. முன்னால் பிரேக்கே கிடையாது. நல்ல குணம் வானத்திலிருந்து இறங்குவது இல்லை போல. ஐந்து சுற்று, ஐந்து சுற்று, தினமும்.

சீரகம் தீர்ந்துவிட்டது.

மார்ச் 27, வெள்ளி

விழுந்தோம். திருப்பத்தில் ஈர வெங்காயத் தோல், சக்கரம் வழுக்கியது. அவள் இடது பக்கம், நான் தோல் குவியலுக்குள். அடி இல்லை. தலைமுடி பூராவும் தோல், வாயிலும் கொஞ்சம். இருந்தும் தூக்குச்சட்டியை விடவில்லை. பிலோமி எழுந்து என்னைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை. ஸ்கூட்டியைத் தூக்கவே செத்த நேரம் ஆயிற்று.

மார்ச் 28, சனி

காலையில் பிலோமி கத்தியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் நகர்ந்து இடம் விட்டேன், அவ்வளவுதான். உள்ளுக்குள் கொடியேற்றம்.

மதியச் சோறு முடிந்து எல்லாருக்கும் கண் சொக்கும் நேரம். பிலோமி எழுந்தாள். நான் விழுந்ததை நடித்துக் காட்டினாள். "சேசுவே" என்று என் குரலிலேயே கத்தி, ஒரு கையில் தூக்குச்சட்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மல்லாக்க. பிறகு வாயிலிருந்து தோலை எடுப்பது. அச்சு அசல். இத்தனை திறமையை எங்கே வைத்திருந்தாள்? பாண்டியம்மா சிரித்துச் சிரித்துத் தரையில் படுத்துவிட்டாள்.

ஒரு நொடி என் முகம் சுட்டது. காது வரைக்கும். இப்படித்தான் இருக்குமா? அந்த ஒரு நொடி பிலோமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, நிஜமாகவே.

"பதில் சொல்லக் கூடாது மதினி. உங்களுக்கு நோன்பு" என்றாள்.

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். குனிந்து வெங்காயத்தை அறுத்தேன்.

பதில் நான்கு வந்தது. மறக்காமல் இருக்க வீட்டுக்கு வந்ததும் இங்கே எழுதினேன். ஒன்று அவள் காலைப் பற்றி. நான்கிலும் அதுதான் நல்ல சரக்கு. அடித்துவிட்டேன், படிக்க முடியாதபடி. மீதி மூன்று பத்திரமாக இருக்கிறது.

ஈஸ்டருக்கு இன்னும் எட்டு நாள்.