சுட்ட கல்லும் கிழித்த வரியும்

செவ்வாய், இரவு.

கோபம் இன்னும் ஆறவில்லை. நானும் என் வகுப்புத் தோழி கவிதாவும் இரண்டு கிழமையாக உச்சி வெயிலில் நின்று பாடசாலை முற்றத்துத் தரையின் வெப்பத்தை அளந்தோம். புல்லையும் மணலையும்விடப் புதிதாகப் பதித்த இன்டர்லொக் கல்தான் அதிகம் சுட்டது. இன்று பாடசாலை உப அதிபர், அந்த முடிவை எழுதியிருந்த எங்கள் கண்காட்சி அட்டையைப் பார்த்தார்.

“கல்லுப் போட்டுத் தந்தவர் நாளைக்குக் கண்காட்சிக்கு வாறார். அந்த வரியை எடுத்துவிடும், பிள்ளை.”

“சேர், அதிலைதானே சின்னப் பிள்ளையளை வெறுங்காலோடை ட்றில்லுக்கு விடுறியள்?” என்றேன்.

“வாய் காட்டாதையும்!” என்று அவரே அந்த வரியைக் கிழித்தெடுத்தார். கவிதா அழுதுவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை.

அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதே வரியைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டேன். கவிதாவின் பெயரை மட்டும் எடுத்துவிட்டேன். நாளைக்கு விழுகிற ஏச்சு என்னோடு போகட்டும்.