அக்கினி இறங்காத பிரசங்கம்

1995 பிப்ரவரி 12, ஞாயிறு இரவு

சபைப் போதகர் ஐயர் பக்கத்து ஊர் ஆராதனைக்குப் போய்விட்டதால் இன்று கோயிலில் பிரசங்கம் என் பொறுப்பு. விடுவேனா? முன் பெஞ்சில் செல்லத்துரை உட்கார்ந்திருந்தான். என் மகளுக்கு வலிப்பு இருக்கிறது என்று வள்ளியூர் மாப்பிள்ளை வீட்டில் பொய் சொல்லி, நிச்சயித்த கல்யாணத்தை நிறுத்திய புண்ணியவான். பாவம் செய்த பட்டணங்களுக்கெல்லாம் கர்த்தர் நெருப்பு அனுப்புவார் என்று முழங்கிய ஆமோஸ் தீர்க்கதரிசியை எடுத்துக்கொண்டேன். தமஸ்குவில் பற்றிய நெருப்பை ஊர் ஊராகக் கொளுத்தி வந்து அவன் பெஞ்சுக்கு அடியில் வைத்தேன். இரக்கம் என்ற சொல் மட்டும் வாயில் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். கர்த்தரே வந்திருந்தாலும் "போதும் வே" என்றிருப்பார்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"பொய்தான் சொன்னேன் அண்ணாச்சி. நாளைக்குக் காலையிலேயே வள்ளியூர் போயி, அவங்க வீட்ல உண்மையச் சொல்லிருதேன்."

நான் கேட்டது அவன் கூரையில் இடி. கிடைத்தது அவன் கண்ணீர், அதுவும் என் சலவைச் சட்டையில்.

மகள் சாயங்காலமே பாட ஆரம்பித்துவிட்டாள். மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நினிவே பட்டணத்த ஆண்டவர் அழிக்காம விட்டுட்டாருன்னு யோனா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாரே, அதே மூஞ்சியால்லா இருக்கு!"

இருக்கட்டும். ஆண்டவரே, நாளை அவன் ஏறுகிற பஸ் பத்திரமாக வள்ளியூர் போய்ச் சேரட்டும். அங்கே ஒன்று விடாமல் சொல்லி முடிக்கட்டும். திரும்பி வருகிற பஸ்ஸைப் பற்றி நான் உம்மிடம் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.