ஃப்ளாரன்ஸ் ஸ்லைடு எங்கே?

ஆகஸ்ட் 17, 1986. ஞாயிறு. சான் ஹோசே.

ஐரோப்பா போய்வந்த ஸ்லைடுகளைக் காட்ட இன்று நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். கூப்பிட்டிருக்கவே வேண்டாம்.

பாரிஸ் மியூசியத்து ஓவியங்களை இவர் சுவரில் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். "ஃப்ளாரன்ஸும் போறோம்னு சொன்னீங்களே, அது எங்க?" என்றார் இவருடைய ஆபீஸ் நண்பர் ராஜன். "அந்த ஃபிலிம் ரோல் வீணாப்போச்சு" என்றார் இவர், தயங்காமல்.

மகள் மீனா விடவில்லை. "நோ அப்பா! தே மேட் அஸ் கெட் ஆஃப் த ட்ரெயின்!"

உண்மைதான். ஃப்ளாரன்ஸ் ரயில் சுவிட்சர்லாந்து வழியாகப் போனது. நடுவில் இறங்கப் போவதில்லையே, எதற்கு விசா என்று நாங்கள் வாங்கவில்லை. எல்லையில் எங்கள் இந்திய பாஸ்போர்ட்டுகளைப் பார்த்த அதிகாரி எங்களை இறங்கச் சொன்னார். மீனாவின் அமெரிக்க பாஸ்போர்ட்டை மட்டும் சிரித்தபடி அவள் கையில் கொடுத்தார். எட்டு வயசு. அவளும் எங்களோடு இறங்கினாள்.

"பேசாம சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணிடுங்க" என்றார் ராஜன். இவர் அடுத்த ஸ்லைடுக்குப் போனார். நான் பாயசம் எடுக்க உள்ளே போய்விட்டேன். வேறென்ன செய்ய?

படுக்கவைக்கும்போது மீனா கேட்டாள். தமிழில் கேட்டாள், அதுவே அபூர்வம்.

"அம்மா, நெக்ஸ்ட் டைம் நான் சொன்னா உங்களை விடுவாங்களா?"

போர்வையை இழுத்துவிட்டு வந்துவிட்டேன்.

எல்லோரும் போன பிறகும் ஹாலில் புரொஜெக்டர் ஓடுகிறது. எட்டிப் பார்த்தேன். ஸ்லைடு எதுவும் இல்லை. வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். பல்பு போய்விடும் என்று சொல்லத்தான் போனேன். அப்படியே திரும்பிவிட்டேன்.