ஐந்தாவது டப்பா

வேங்கிக்கால்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். விதை மல்லாட்டை உடைக்க ஆள் கிடைத்ததா என்று அம்மாவைக் கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார்.

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் நீங்கள் ஏற்றிவிட்ட மூட்டை வந்தது. "குப்பைல போடற தோலுக்கு ரெண்டு மாசம் டிரெய்னிங்கா?" என்று கேட்டீர்களே, அதே மல்லாட்டைத் தோல்தான், இங்கே நிலக்கடலைத் தோல் என்கிறார்கள். பயிற்சி லேப்பில் அதை அரைத்து, டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி, உலையில் வைத்துக் கரியாக்குகிறோம். சாயத் தண்ணீரில் அந்தக் கரியைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் நீலம் காணாமல் போகிறது. தினமும் பார்க்கிறேன், ஆச்சரியம் தீரவில்லை.

ஐந்தாவது டப்பா மட்டும் கெட்டுப்போனது. தண்ணீர் நீலமாகவே நின்றது. அதைவிட விசித்திரம், உலை சூடேறியதும் லேப் முழுக்க ஒரு வாசனை. "யாரு இங்க மல்லாட்டை வறுக்கறது?" என்று பயிற்சி தரும் மேடமே கேட்டார்.

மூட்டையை உதறிப் பார்த்தேன். அடியில் பருப்பு இருந்தது, எல்லாம் பொறுக்கி எடுத்த பெரிய பருப்பு. பார்க்காமல் தோலோடு நான்தான் அரைத்திருக்கிறேன். பருப்பின் எண்ணெய் கரியின் துளைகளை அடைத்துவிட்டது.

விதைக்கு உடைத்ததில் ஒரு பருப்பைக்கூட யாரையும் வாயில் போட விடமாட்டீர்கள்.

தவறுக்குக் காரணத்தை லேப் நோட்டில் எழுத வேண்டும் என்றார்கள். "தோலில் விதைப் பருப்பு கலந்திருந்தது" என்று எழுதினேன். யார், எதற்காக வைத்தார் என்று நோட்டில் யாரும் கேட்கவில்லை.

மீதி பதினோரு பருப்பு இருக்கிறது. எரிக்கவில்லை, தின்னவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன். விதைக்கும்போது அவற்றை ஊன்ற எனக்கு ஒரு ஏர்ச்சால் விட்டு வையுங்கள்.

உங்கள் மகள்