இன்னும் தாழ வரட்டும்

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்.

அன்பின் டிலானின் அப்பாவுக்கு,

உங்களை இப்படி அழைத்து எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. நானும், நீங்கள் இன்னும் கையில் தூக்காத உங்கள் ஆறு மாத மகனும் சுகம். அங்கே நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டால் எங்களுக்கு அதுவே போதும். தினமும் போனில் கதைக்கிறோமே, பிறகென்ன கடிதம் என்று கேட்பீர்கள். சில விஷயங்களை உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டு சொல்ல என்னால் முடியாது. பக்கத்து வீட்டு ஜவாஹிறாவின் கணவர் ஷிப்லி லீவு முடிந்து நாளைக்கு டோஹா திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் இங்கத்தைய புதினம். இரத்மலானையில் இறங்கும் விமானங்களின் பாதையை மாற்றிவிட்டார்கள். கடல் பக்கமாய்ப் போனவை இப்போது எங்கள் தொடர்மாடிக்கு நேர் மேலால் போகின்றன. கொடியில் காயும் சாரியை இழுத்துக்கொண்டு போய்விடுமோ என்று பயமாக இருக்கும், அவ்வளவு பதிவாக, தாழப் பறக்கும். அலுமாரிக்குள் கிளாசுகள் கிலுகிலுக்கும். வெயில் நேரத்தில் விமானத்தின் நிழல் ஜன்னலால் உள்ளே வந்து சுவர் நெடுக நகர்ந்து மறையும். வீடு கடலுக்கு அடியில் இருப்பதுபோலவும், மேலே பெரிய மீன் ஒன்று மெதுவாகப் போவதுபோலவும் இருக்கும். அடுப்பை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். சோறு குழைந்துபோகும்.

தொடர்மாடிச் சங்கத் தலைவர் இராஜநாயகம் அங்கிளுக்கு இதனால் பிரஷர் ஏறிவிட்டது. எல்லாரையும் கீழே கூட்டி வைத்து, அதிகாரிகளுக்கு அனுப்பப் போகும் மனுவை வாசித்தார். குழந்தைகள் நித்திரை கொள்ள முடியவில்லை என்பதுதான் அதில் முதல் முறைப்பாடு. ஜவாஹிறா தன் மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, பிளேன் போற நேரமெல்லாம் இந்தப் புள்ள கத்தித் தீர்க்குது என்று அழாத குறையாகச் சொன்னாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? என்ர பிள்ளை எந்தச் சத்தத்துக்கும் அசையாமல் படுப்பான், எல்லாம் பழக்கிற விதத்திலதான் இருக்கு என்று எழும்பிச் சொன்னேன். கையெழுத்தும் வைக்காமல் பெருமையோடு மேலே வந்துவிட்டேன்.

வந்து பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். விமானம் ஒன்று போனது. அவன் விழித்துத்தான் இருந்தான். நிழலோடு சேர்ந்து அவன் கண்ணும் சுவர் நெடுகப் போனது. பொக்கை வாயால் சிரித்தான். நிழல் போன பிறகும் சத்தம் வீட்டைப் போட்டு உலுக்கியது. அந்தப் பக்கம் அவன் தலை திரும்பவே இல்லை. என் தாலிக்கொடியைப் பிடித்து விளையாடத் தொடங்கினான்.

பிறகு நான் செய்ததைக் கேட்டால் உனக்கென்ன விசரா என்பீர்கள். அவனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். சனமெல்லாம் விமானம் வேண்டாமென்று நிற்க, நான் மட்டும், பிள்ளையாரே, இன்னும் தாழ வரட்டும், இன்னும் உரத்து வரட்டும் என்று மன்றாடிக்கொண்டு நின்றேன். வந்தது. எனக்குப் பல்லெல்லாம் அதிர்ந்தது. கொடியில் இருந்த காகங்கள் கலைந்து பறந்தன. இவன் காகங்களைப் பார்த்துச் சிரித்தான். இஞ்சேருங்கோ, நான் அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன்.

படியில் என்னைக் கண்டது ஜவாஹிறாதான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. நான் விக்கி விக்கிச் சொன்னதைக் கேட்டு, அழாதீங்க அக்கா, நாளைக்கே டொக்டர்ட்ட காட்டுவம் என்று சொல்லி, மறுநாள் கொள்ளுப்பிட்டிக்கு அவளே கூட்டிப்போனாள். டொக்டர் ஒன்றுக்கு இரண்டு தரம் சோதித்தார். நம் பிள்ளைக்கு இரண்டு காதும் கேட்காதாம். பிறவியிலேயே அப்படியாம், யாருடைய பிழையும் இல்லையாம். கருவி வைத்துப் பார்க்கலாம், சத்திரசிகிச்சைக்கும் வழி இருக்கலாம், இப்போதைக்கு ஒன்றும் உறுதியாகச் சொல்ல ஏலாது என்றார். பிள்ளையின் முகத்துக்கு நேரே கதையுங்கோ, கிட்ட வைத்திருங்கோ, தகப்பனும் பக்கத்தில் இருந்தால் நல்லது என்றார். அவருக்கு முன்னாலேயே ஓவென்று அழுதேன்.

இப்போது அழுவதில்லை. மனுவில் கையெழுத்தும் வைத்துவிட்டேன். ஜவாஹிறாவின் மகள் நித்திரை கொள்ள வேண்டாமா? அங்கிள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பின்னேரங்களில் நானும் இவனும் பாயில் மல்லாந்து படுத்து நிழல் வரும்வரை காத்திருப்போம். வந்ததும் அவன் உள்ளங்கையை எடுத்து என் தொண்டையில் வைத்து, வாய்க்கு வந்த கதையெல்லாம் சொல்வேன். அவன் கண் வெட்டாமல் என்னையே பார்ப்பான். அந்த நேரத்தில் எங்களுக்கு எந்தக் குறையும் இருப்பதாகத் தெரியாது.

ஒன்றை மட்டும் இனியும் மறைக்க என்னால் முடியாது. நீங்கள் வேலை முடிந்த களைப்போடு போனில் அவனுக்குத் தாலாட்டுப் பாடுகிறீர்கள். எல்லாம் தெரிந்த பிறகும் நான் போனை அவன் காதடியில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். படுத்திட்டானோ என்று கேட்பீர்கள். ஓம், உங்கட குரலைக் கேட்டுத்தான் படுத்தவன் என்பேன். நீங்கள் சந்தோஷத்தில் சிரிப்பீர்கள்.

இதை வாசித்துவிட்டுப் பாட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். லீவு கேளுங்கள். தராவிட்டால் சண்டை பிடியுங்கள். வந்து, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, அவனை நெஞ்சில் குப்புறப் போட்டுக்கொண்டு பாடுங்கள். அவனுக்கு விளங்கும். கெதியாய் ஓடி வாங்கோ.

பிள்ளையோடு வழி பார்த்திருக்கும்,
உங்கள் நிஷாந்தினி