மணிக்கட்டில் கட்டிய சீட்டு

1.4.2004, வியாழன். ஹோம்புஷ்.

காலையிலிருந்து தூறல். பெட்டி பாதி அடுக்கியாயிற்று. குடை, கம்பளிச் சட்டை, பருப்புப் பொடி, மூன்று பேருக்கும் தலையிடிக் குளிசை.

வேலையில் இன்று கடைசி ஒலிநாடா. பரிசோதனைக்கூட டாக்டர்கள் பேசிப் பதிந்த அறிக்கைகளைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்வதுதான் பதினொரு வருடமாக என் வேலை. மூன்று இருபதுக்கு டாக்டர் ஒரு நீளப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கினார். நான்காவது எழுத்தில் என் விரல் நின்றது. மல்லிகா. பிறந்த திகதியும் அவளுடையதே. இடது மார்பு. ஊசியால் எடுத்த சதைத் துணுக்கு. பிறகு அந்தச் சொல். முற்றுப்புள்ளி, புதிய பத்தி என்றார். அடித்தேன். பெயரில் அவர் விட்ட ஒரு எழுத்தையும் சேர்த்தேன்.

கட்டி இருக்கிறதென்று அவள் எனக்குச் சொல்லவே இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக இருக்கிறோம்.

வெளியில் சொன்னால் வேலை போகும். அதுமட்டும் காரணமில்லை. அடுத்த வியாழன்தான் அவள் முடிவு கேட்கத் தன் டாக்டரிடம் போவாள் போல. எங்களிடம் அதைப் பல்லுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறாள். நாளை டோக்கியோ விமானம். இரண்டு வருடம் பேசிப் பேசி வைத்த பயணம்.

பின்னேரம் அவளிடமிருந்து போன். "எடியே, குளிர்ச் சட்டை எடுத்தனியோ? பிறகு அங்க வந்து என்ர சட்டைக்கு இழுபடாத."

"ஓம், எடுத்திட்டன்" என்றேன். வேறு நாளென்றால் நான்கு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன்.

4.4, ஞாயிறு. டோக்கியோ.

மழை, கடும் குளிர். விடுதி அறையில் மூன்று கட்டில், நடக்க இடமில்லை. உமாதான் எல்லாம் ஏற்பாடு. எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருப்பவள், சென்னைப் பெண், கணினி வேலை. நாளைய நிகழ்ச்சியைத் தாளில் அடித்தே கொண்டுவந்திருக்கிறாள்.

விமானத்தில் ஜன்னல் இருக்கையை ம.வுக்குக் கொடுத்தேன்.

போகிற இடமெல்லாம் அவளுக்குப் படம் வேண்டும். "வடிவா எடு. இது பிரேம் போடுற படம்." இரண்டு தடவை எடுத்தேன்.

5.4, திங்கள்.

மழை விட்டது. தரையெல்லாம் செர்ரி இதழ், சேற்றில் மிதிபட்டு.

காலை அசாக்குசா கோயில். பெரிய சிவப்பு விளக்கின் கீழ் படம். உள்ளே சீட்டு எடுக்கும் இடம். தகரக் குழாயைக் குலுக்கினால் ஒரு குச்சி வரும். குச்சியில் உள்ள இலக்கத்துக்கான இழுப்பறையைத் திறந்தால் நம் சீட்டு. உமாவுக்கு நல்லது. எனக்கு நடுத்தரம். ம.வுக்குக் கெட்டது. கீழே ஆங்கிலத்திலும் இருந்தது. அவளே வாசித்துச் சிரித்தாள்: நோயாளி தேறுவது கடினம். பயணம் நன்றல்ல. தொலைந்தது கிடைக்காது.

"தொலைஞ்சது கிடைக்காதாம். நேற்று ரயில்ல விட்ட குடை போச்சு."

"ஐயோ, அதை அங்கேயே வச்சிட்டு வா" என்றாள் உமா.

"விசரி. சாமி குடுத்ததை ஆராவது விட்டிட்டு வருவினமோ?"

பக்கத்தில் நின்ற இரண்டு இளம் பெண்கள் அவள் சீட்டைப் பார்த்துவிட்டு, கைகளால் முடிச்சுப் போடுவது போலக் காட்டினார்கள். ம.வுக்கு உடனே விளங்கிவிட்டதாம். "பாத்தியே, காப்புக் கட்டச் சொல்லுதுகள்." சீட்டை நீளவாக்கில் மடித்து இடது கையை நீட்டினாள். உமா இரண்டு முடிச்சு இறுக்கிப் போட்டாள். அந்தப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி "நோ, நோ" என்று பின்னால் இருந்த கம்பி வரிசையைக் காட்டினாள். நூற்றுக்கணக்கில் வெள்ளைச் சீட்டுகள் கட்டியிருந்தன.

"அது நேர்த்தி வைச்ச ஆக்கள் கட்டினது" என்று ம. எங்களுக்கு விளக்கம் சொன்னாள். அவர்களைப் போலவே குனிந்து வணங்கிவிட்டு நடந்தாள்.

படகில் போகும்போது உமாவின் வழிகாட்டிப் புத்தகத்தைப் புரட்டினேன். கெட்ட சீட்டைக் கோயில் கம்பியில் கட்டி, அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும். கூட எடுத்துப் போகக்கூடாது. புத்தகத்தை மூடினேன்.

ஆற்றுத் தண்ணீர் கறுப்பு. உமா என் தோளுக்கு மேலால் வாசித்திருக்கிறாள். "மல்லிகா, அவுத்துடுடி. நாம தப்பாப் பண்ணிட்டோம்."

"கட்டின காப்பை இடையில அவிழ்க்கக் கூடாது. தானா அறுந்து விழட்டும். என்னடி, நீ ஒண்டும் சொல்லேல்லை? இதெல்லாம் மூடநம்பிக்கை எண்டு முதல் ஆளாக் கத்துறனி நீதானே?"

"விருப்பமெண்டால் கட்டியிரன்" என்றேன். அவிழ் என்று வற்புறுத்தினால் ஏன் என்று கேட்பாள். அவள் கேட்டால் என் முகம் பொய் சொல்லாது.

மதியம் கோவா இலை அரிந்து போட்ட தோசை மாதிரி ஒன்று. மேலே தூவிய மீன் சீவல் சூட்டில் நெளிந்தது. ம. தட்டைத் தள்ளிவிட்டாள். "உயிரோட கிடக்கு."

கோபுரம், பூங்கா, கடைத்தெரு. எங்கும் அந்த வெள்ளை முடிச்சுத்தான் என் கண்ணில். படங்களிலும் அதுதான் விழுந்திருக்கும். இருபத்தேழு படம். குளிக்கும்போது அந்தக் கையில் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டாள். அப்படியும் நனைந்துவிட்டது.

6.4, செவ்வாய். நரிட்டா விமான நிலையம்.

வெயில். உமா சொக்லேட் வாங்கப் போயிருந்தாள். ம. என் பக்கத்துக் கதிரையில்.

"ஒண்டு கேக்கட்டே?"

"கேள்."

"வெள்ளிக்கிழமை துடக்கம் நீ என்னை ஒருக்கால்கூட ஏசேல்லை. ஜன்னல் சீற்றைத் தந்தாய். என்னால ரண்டு ரயிலை விட்டம், வாய் திறக்கேல்லை. முப்பது வருசத்தில நீ இப்பிடி இருந்ததில்லை."

நான் விமான நேரப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ர சோதனையை உங்கட இடத்துக்குத்தான் அனுப்பினவை. அது தெரிஞ்சுதான் உனக்குச் சொல்லேல்லை."

அவள் இடது கையை என் மடியில் வைத்தாள்.

"அவிழ்த்து விடு."

நனைந்து காய்ந்த முடிச்சு. நகம் ஏறவில்லை. கத்தரிக்கோல் பெட்டியோடு போய்விட்டது. குனிந்து பல்லால் கடித்தேன். மையும் சவர்க்காரமும் கசந்தன. தோலில் கறுப்புக் கோடு.

உமா பைகளோடு வந்து நின்றாள். "என்னடி பண்றீங்க ரெண்டு பேரும்?"

எங்கள் விமானத்தை அறிவித்தார்கள். சீட்டு என் உள்ளங்கையில். சுற்றிப் பார்த்தேன். எங்கும் கண்ணாடி. கட்ட ஒரு கம்பி இல்லை.