சம்மந்தியிடம் சொல்லாமல் ஏறிய ரயில்

ஜூன் 7, 2009 – ஞாயிறு

மகன் நிம்சாத்துக்குக் கலியாணம் பொருந்திவிட்டது. கொழும்பில் அவன் வேலை செய்கிற புடவைக் கடைக்குக் கிட்ட இருக்கிற குடும்பம். நோன்புக்கு முன்னால், ஓகஸ்ட் இரண்டாம் திகதி நிக்காஹ். இன்றைக்கு மருதமுனையில் என்னை விடச் சந்தோசமான ஆள் இருக்க ஏலாது.

பின்னேரம் பொண்ணின் உம்மா கோல் எடுத்தார். நல்ல குரல், கொழும்புப் பேச்சு. "சம்மந்தி, முந்தியே வந்துருங்கொ. ஒங்களுக்குக் கால் வருத்தமெண்டு மகன் சொன்னார். நடக்க ஏலும்தானே?"

"ஓம். கொஞ்சம் மூட்டு வருத்தம்தான்."

அப்படித்தான் வாயில் வந்தது. சுனாமியில் கடல் வந்த அன்று மதில் முதுகில் விழுந்தது, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை, எழுப்பவும் கழுவவும் மாற்றவும் ஆள் வேண்டும் – இதை ஏன் சொல்லவில்லை? மகனும் பாதிதான் சொல்லியிருக்கிறான். என்னிடம்தான் படித்திருப்பான்.

வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை வாங்கினார். சைக்கிள் கடையைத் திறக்கப் போய்விட்டார்.

ஜூன் 8

இன்றும் எடுத்துச் சொல்லவில்லை.

ஜூன் 14 – ஞாயிறு

எப்படிப் போவது என்ற கதை. பஸ் ஏலாது. அவ்வளவு நேரம் நிமிர்ந்து இருந்தால் பின்பக்கம் புண் வரும் என்று டொக்டர் போன வருசமே எச்சரித்தவர். வேனில் வளைந்து வளைந்து போனால் முதுகு தாங்காது. மிச்சம் இருப்பது ரயில். மட்டக்களப்பு வரைக்கும் ஆட்டோ, அங்கிருந்து காலை ரயில், நீள சீற்றில் சாய்ந்துகொண்டே கொழும்பு.

"ரயில்தான் உனக்குச் சரி" என்றார் இவர். "நான் போய் ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

நான் வராமல் விட்டால் என்ன என்று கேட்க நினைத்தேன். ஒரே மகன். கேட்கவில்லை.

ஜூன் 21 – ஞாயிறு

மட்டக்களப்புக்குப் போய் வந்தார். சோறு தின்னும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

"பெட்டி உயரத்தில இரிக்கி. படி செங்குத்து. கதவு ஒடுக்கம், உன்ட சில்லுக் கதிர போகாது. உள்ளுக்க நடக்கிற வழி அதை விட ஒடுக்கம்."

"கக்கூசு?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அதுக்குள்ள ரெண்டு பேர் நிக்க ஏலாது, புள்ள."

சாமான் ஏற்றுகிற ஒரு மனுசர் நல்ல மனதோடு வழி சொன்னாராம்: கடைசியில் பார்சல் பெட்டி இருக்கிறது, அகலக் கதவு, கதிரையோடே தூக்கி வைக்கலாம், கேட்டுப் பார்க்கிறேன் என்று.

எனக்கு உடனே நிம்மதி. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. கதவை மூடிவிட்டால் யாரும் என்னைப் பார்க்கமாட்டார்கள். சைக்கிளுக்கும் மீன் பெட்டிக்கும் என்னைப் பற்றி என்ன தெரியும்?

"அதில போவம்" என்றேன்.

"என்ட பொஞ்சாதிய நான் பார்சலா அனுப்ப மாட்டன்" என்றார். சத்தம் போடவில்லை. மிச்சச் சோற்றைத் தின்னாமல் கை கழுவினார்.

ஜூன் 22

சண்டை. வேறு ஆம்பிளைகள் என்னைத் தொட்டுத் தூக்கிப் படியில் ஏற்றுவதைச் சனம் முழுக்கப் பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். "வேற ஆரு தொடுற? நான் முதுகில சுமப்பன்" என்றார். ஐம்பத்தாறு வயது மனுசன். விழுந்தால்? ரெண்டு பேரும் ஸ்டேசனில் விழுந்து கிடந்தால்? – நான் என்னென்னவோ கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

ஜூலை 5 – ஞாயிறு

அடுப்படிப் படியில் பழகினோம். துப்பட்டியால் என்னைத் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு ஏறுகிறார், இறங்குகிறார். முதல் தடவை சாய்ந்துபோய் ரெண்டு பேரும் தேங்காய்க் குவியலில் விழுந்தோம். அவருக்கு முழங்கையில் காயம். சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. என் கால் ரெண்டும் அவருக்கு ரெண்டு பக்கமும் தொங்குகின்றன, என்னுடையதே இல்லாத மாதிரி.

ஜூலை 12

நிம்சாத் கோல் எடுத்தான். "உம்மா, மாமிக்கு முழுசாச் சொல்லவா?" என்று கேட்டான். "நான் வந்து சொல்றன்" என்றேன். பொய்க்கு மேலே பொய். வந்து இறங்கும்போது சொல்லத் தேவையே இருக்காதே.

ஜூலை 29 – புதன்

நாளைக்குப் பயணம். பின்னேரத்திலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. உள்ளுக்குத் துணி ரெண்டு மடங்கு வைக்கப் போகிறேன். யா அல்லாஹ், மானத்தைக் காப்பாற்று.

ஜூலை 30 – வியாழன்

நிம்சாத்தின் வாடகை அறையில் இருந்து எழுதுகிறேன்.

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வெளிக்கிட்டோம். செக்பொயின்ட்டில் எல்லாரும் இறங்கி நடக்கிறார்கள். ஆமிப் பொடியன் ஆட்டோவுக்குள் குனிந்து "பஹின்ன" என்றான், இறங்கச் சொல்லி. இவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவன் என் காலைப் பார்த்தான், பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு போகச் சொன்னான்.

ஸ்டேசனில் சனம். யுத்தம் முடிந்து ஊர் உலகம் பார்க்க எல்லாரும் கிளம்பிவிட்டார்கள் போல. இவர் குனிந்தார், கட்டிக்கொண்டார், எழும்பினார். கதைத்துக்கொண்டு நின்றவர்கள் நிறுத்தினார்கள். நான் முகத்தை அவர் கழுத்தில் புதைத்துக்கொண்டேன். ஒரு படி. அடுத்த படி. மேலே ஆரோ கை நீட்டினார்கள், இவர் வேண்டாம் என்றார்.

உள்ளே போய் என்னை சீற்றில் இறக்கும்போதுதான் பார்த்தேன். அவருடைய வெள்ளைச் சேட்டின் முதுகு இடுப்பு வரைக்கும் நனைந்திருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாது, எனக்குத் தெரியவே தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும், சூடாக இருந்திருக்கும். படியில் நிற்கும்போதே தெரிந்திருக்கும். நிற்காமல் ஏறியிருக்கிறார்.

பின்னால் வந்த ரெண்டு பொடியன்கள் பார்த்தார்கள். ஒருவன் மூக்கைச் சுளித்தான்.

இவர் பையில் இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து மூடியைத் திறந்தார். தன் தோளில், முதுகில், என் மடியில் எல்லாம் ஊற்றினார். "சீச்சீ, இந்தப் போத்தல் மூடி சரியில்ல. எல்லாம் நனைஞ்சு போச்சு" என்று நாலு பேருக்குக் கேட்கச் சொன்னார்.

நான் செத்துப்போயிருக்கலாம்.

எதிர் சீற்றில் ஒரு தமிழ் மனுசி. பெரிய பொட்டு, அறுபது வயது இருக்கும். பக்கத்தில் அவவின் புருசன், ஒரு பக்கம் வாதம் இழுத்துவிட்டது, ஜன்னலில் சாய்ந்து நித்திரை. அவ போத்தலைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. எழும்பினா. தன் பையிலிருந்து ஒரு படுக்கை விரிப்பை எடுத்தா.

"தம்பி, நீங்க அங்கால திரும்பி நில்லுங்க" என்று இவரிடம் சொல்லிவிட்டு விரிப்பை எனக்கு முன்னால் விரித்துப் பிடித்தா. "மாத்துங்க பிள்ள. அவசரமில்ல. ஒருத்தரையும் இஞ்சால விட மாட்டன்."

இருந்தபடி மாற்ற எனக்கு நெடுநேரம் பிடித்தது. அவ ஒரு கையால் விரிப்பைப் பிடித்து மற்றக் கையால் என் இடுப்பைத் தூக்கித் தந்தா. அழுதேன்.

"என்னத்துக்கு அழுறீங்க? நான் அஞ்சு பிள்ள பெத்தவள். தும்மினா எனக்கும் இதே கதைதான். இந்த மனுசனுக்கு ஏறும்போதே சாரன் நனைஞ்சிட்டு. ரெண்டு பேர் தள்ளி ஏத்தினவங்க, ஒருத்தனுக்கும் சொல்லேல்ல நான்."

பெயர் செல்லத்தங்கம். பாண்டிருப்பு. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். இவ்வளவு காலமும் அவர்கள் தமிழ்ப் பக்கமும் எங்கள் முஸ்லிம் பக்கமும் எவ்வளவு கலவரம் நடந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் எங்கே பார்த்தோம்?

கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் சம்மந்தி வந்து நின்றார், கையில் பூ. நான் புருசனின் முதுகில் இருந்தபடி இறங்கினேன். பூவோடு அப்படியே நின்றார்.

ஜூலை 31 – வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு சம்மந்தி தனியாக வந்தார். அறையில் இருக்க இடம் இல்லை, கட்டிலில் என் பக்கத்தில் இருந்தார். காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"சம்மந்தி, மண்டபம் மேல்மாடி" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"மூட்டு வருத்தமெண்டு சொன்னீங்க. மெல்ல ஏறுவீங்க எண்டு நெனச்சம். சொல்லீந்தா கீழ எடுத்தீப்பமே. இனி மாத்த ஏலாது, எல்லாருக்கும் சொல்லியாச்சு."

கோபம்தான். ஆனால் அந்தக் கோபம் என் காலோடு இல்லை. நான் சொல்லாததோடு.

"நான் கீழேயே இருந்துக்கிறன்" என்றேன்.

"கீழ இருக்கிற கார் நிப்பாட்டுற எடம்." எழும்பினார். "மாப்புள்ளட உம்மாவ காருக்குப் பக்கத்தில வச்சிட்டு நாங்க மேல பிரியாணி தின்னவா?"

சம்மந்தியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகம் இல்லை. என் வெட்கத்தை மறைக்கப் போய் அவர்கள் வீட்டுக் கலியாணத்தையே கோணலாக்கிவிட்டேன்.

ஓகஸ்ட் 2 – ஞாயிறு

நிக்காஹ் முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

மண்டபத்துப் படிக்குக் கீழே இவர் வழமை மாதிரிக் குனிந்தார். சம்மந்தி தடுத்தார். "பொம்புளைகள் பக்கம் நீங்க வர ஏலாது. நாங்க பாத்துக்கொள்றம்." கைகள் வைத்த ஒரு மரக் கதிரை கொண்டுவரச் செய்தார். அவர், அவருடைய ரெண்டு தங்கச்சிகள், மச்சி ஒருவர். நாலு பேரும் பட்டுச் சாரி. நாலு மூலையிலும் பிடித்தார்கள்.

படி வளைந்து போகிற இடத்தில் கதிரை சாய்ந்தது. நான் கண்ணை மூடினேன். "கண்ணத் தொறங்கொ, சம்மந்தி" என்றார் அவர், மூச்சு வாங்க. "பொய் சொன்னது நீங்க. பாரம் எங்களுக்கு." தங்கச்சி சிரித்துவிட்டார். சிரிப்பில் கதிரை ஆடியது. கீழே நின்ற பெண்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர்களும் நானும் மாறி மாறிப் பார்த்தோம்.

மேலே போனதும் பார்த்தேன், சம்மந்தியின் வளையல் ஒன்று உடைந்திருந்தது. "சொல்லாம விட்டதுக்கு மாப் தாங்க" என்றேன். "அடுத்த முறை வர முந்திச் சொல்லுங்கொ. எல்லாத்தையும்" என்றார். பொண்ணை என் பக்கத்தில் கொண்டுவந்து இருத்தினார்.

பொண்ணின் கை குளிர்ந்து கிடந்தது. பாவம், அவளுக்கும் பயம்.

ஓகஸ்ட் 20

நாளை மறுநாள் நோன்பு. ஊருக்கு வந்ததில் இருந்து எழுதவில்லை. திரும்பும் பயணத்தில் ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தாலும் எழுதியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஒக்டோபர் 14 – புதன்

போன கிழமை செல்லத்தங்கம் அக்கா கோல் எடுத்தா. புருசனுக்குத் திரும்பவும் கொழும்பில் கிளினிக். "இந்த முறையும் ரெண்டு பேரப் பிடிச்சுத் தள்ளி ஏத்த எனக்கு ஏலாது பிள்ள. போய்க் கேப்பமா?"

இன்றைக்கு மட்டக்களப்பு ஸ்டேசனுக்குப் போனோம். அக்கா, நான், இவர். பொறுப்பான உத்தியோகத்தர் வெளியே வந்து கதைத்தார். சிங்களவர், நல்லாத் தமிழ் கதைக்கிறார். அக்கா படியைப் பற்றிச் சொன்னா: ஒரு சாய்வுப் பலகை, கதவுக்குக் கிட்ட ரெண்டு சீற். அவர் தலையாட்டினார். "மேலே எழுதி அனுப்பலாம். உறுதி சொல்ல ஏலாது. வேற?"

அக்கா என்னைப் பார்த்தா. இவர் என் கதிரைக்குப் பின்னால் நின்றார். டிக்கட் எடுக்கிற வரிசையில் ஆம்பிளைகள் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் காது சுட்டது.

"கக்கூசு" என்றேன். "கதிரையோட போக ஏலாது. துணைக்கு ஒரு ஆள் வரவும் இடமில்ல. அதால நாங்க நனைஞ்சுகொண்டு போறம்."

அந்த நேரம் பார்த்து என்ஜின் கூவியது. அவர் குனிந்து காதைக் கிட்டக் கொண்டுவந்தார். "கேக்கேல்ல அம்மா. என்ன சொன்னீங்க?"

இன்னும் உரத்துச் சொன்னேன்.